வக்கீல் மேல் நஷ்டஈடு வழக்கு: எங்களுக்கு நடந்தது

வக்கீல் மேல் கேஸ் போட முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: போடலாம். 1926-ம் வருஷத்து வக்கீல் கட்டணச் சட்டம் 5-வது பிரிவே இடம் கொடுக்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் போக வேண்டாம். வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்களைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் சஸ்பெண்ட் செய்வார்கள், பெயரைக்கூட நீக்குவார்கள். போன பணம் வராது. மிச்சம் சிவில் கோர்ட்தான்.

எங்களுக்கு ஈரோட்டில் துணி வியாபாரம். ஒரு பார்ட்டி ஆறு லட்சத்துச் சொச்சம் பாக்கி. கேஸ் கட்டு முழுக்க வக்கீலிடம் கொடுத்தோம். "அடுத்த வாரம் ஃபைல் பண்ணிடலாங்க" என்றே ஓட்டியவர், வழக்குப் போட இருந்த மூன்று வருஷக் கெடு முடிந்தபின் தாக்கல் செய்தார். தள்ளுபடி.

புது வக்கீல் கேட்டதுதான் எங்களை உலுக்கியது. "அவர் தூங்கிட்டார்னு காட்டுறது சுலபம். நேரத்துல போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்களா? ஜெயிச்சாலும் அந்த ஆள்கிட்ட வசூல் ஆகியிருக்குமா?"

அதாவது, நடக்காத அந்தப் பழைய வழக்கை இந்த வழக்குக்குள் நாங்கள் நடத்தி ஜெயிக்க வேண்டும். பில், லாரி ரசீது, பார்ட்டி கையெழுத்திட்ட கணக்கு எல்லாம் மறுபடி தேடினோம். கெடு முடியும் முன்பே கட்டு கைமாறியதற்கு வக்காலத்துத் தேதியும் வாட்ஸ்அப் மெசேஜும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், "ஜெயிக்கிற கேஸ்" என்று அன்றைக்குச் சொன்னவரே எதிருரையில் அது ஆரம்பத்திலேயே பலவீனமான வழக்கு என்று எழுதியிருந்தார்!

எங்களைக் காப்பாற்றியது வில்லங்கச் சான்றுதான். அந்தப் பார்ட்டி பேரில் இடம் இருந்ததும், கெடு முடிந்து பல மாதம் கழித்தே அதை விற்றதும் அதில் தெரிந்தது. சொத்தே இல்லாத ஆளாக இருந்திருந்தால் ஜெயித்து வாங்கும் டிகிரி (தீர்ப்பாணை) வெறும் காகிதம், எங்கள் நஷ்டமும் பூஜ்யம்தான்.

அப்பாவின் மன உளைச்சலுக்கும் கேட்கச் சொன்னேன். புது வக்கீல் மறுத்துவிட்டார். கேட்கிற தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், நிரூபிக்க முடியாததுக்கு எதற்கு தண்டம் என்றார். சரியாகத்தான் பட்டது. கடைசியில் மத்தியஸ்த மையத்தில் அசலில் பாதிக்கு மேல் வந்தது, வட்டியை விட்டோம். சமரசம் என்பதால் கோர்ட் ஃபீஸும் திரும்பியது. அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

*

அண்ணே, எனக்கு செக் பவுன்ஸ். செக் திரும்பி 30 நாளுக்குள் போக வேண்டிய நோட்டீஸை வக்கீல் விட்டுவிட்டார். 138 கேஸ் (செக் பவுன்ஸுக்கான கிரிமினல் வழக்கு) போச்சு. நஷ்டஈடு கேட்கலாம் என்று போனால், "பணம் வசூலுக்கு சிவில் தாவா போட இன்னும் டைம் இருக்கே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. தாவாவே போட்டுவிட்டேன்.

*

வயசானவர்களை வாதியாக வைத்து வழக்குப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் வாதி இறந்தால் வாரிசுகள் தொடர முடியுமா என்பது பிராது (வழக்கு மனு) எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. வக்கீல் மேல் போட்ட ஒரு வழக்கிலேயே 1988-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. வெறும் கவனக்குறைவு, மனவேதனை என்று எழுதினால் அவரோடு போய்விடும். ஒப்பந்த மீறலால் சொத்துக்கு வந்த நஷ்டம் என்றால், அந்த அளவுக்கு நிற்கும். எங்கள் சித்தப்பா வழக்கில் இதற்காகவே பிராதைத் திருத்தி எழுத வைத்தோம்.