ஆறு நிமிட ஆவணப்படத்தில் மதராஸ் டிராமை ஓட்டணும், கையில் எட்டு ஜிபி லேப்டாப்தான்

விஸ்காம்பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஆறு நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம், மதராஸில் ஓடிய டிராம் பற்றி. 1895-இல் ஓட ஆரம்பித்து 1953-இல் நின்றுபோன டிராம் இன்றைய அண்ணா சாலையில் வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம், சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் இப்போது அதுதான் படமே என்று ஆகிவிட்டது.

டிராம் வருகிற ஷாட் நான்கு, அதில் ஒன்று கேமராவைக் கையில் பிடித்து நடந்துகொண்டே எடுப்பது. டிராமுக்குள் ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிற ஷாட் ஒன்று. அப்புறம் டிராம் போன பாதையை வரைபடத்தில் கோடாகக் காட்டும் அனிமேஷன்.

என் லேப்டாப் 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. குழுவில் ஒருத்தனிடம் ஜிடிஎக்ஸ் 1650 போட்ட லேப்டாப் இருக்கிறது. கேமரா, போன்தான். பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில், கற்றுக்கொள்கிற எல்லோரும் முதலில் செய்கிற அந்த டோனட் செய்திருக்கிறேன், அதோடு சரி. ஏஐ வைத்து உருவாக்கிய காட்சி எதுவும் கூடாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் இருக்கிறது. எந்த சாஃப்ட்வேரில் செய்வது, யார் எதைப் பார்த்துக்கொள்வது, முதலில் இது நடக்கிற காரியமா என்று சொல்லுங்கள் அண்ணா, அக்கா.

கீஃப்ரேம்

நடக்கும் தங்கச்சி. ஆனால் அந்த நடந்துகொண்டே எடுக்கிற ஷாட்டை இப்போதே தூக்கிவிடுங்கள். மூன்று வாரத்தில் முக்கால்வாசியை அது ஒன்றே தின்றுவிடும். நகரும் கேமராவுக்கு பிளெண்டரில் ட்ராக்கிங் செய்ய, அதாவது கேமரா எப்படி நகர்ந்தது என்று வீடியோவிலிருந்து கண்டுபிடிக்க, எந்த ஃப்ரேமிலும் குறைந்தது எட்டுப் புள்ளிகள் அசையாத பொருள்மேல் நிற்க வேண்டும். அண்ணா சாலையில் அசையாமல் நிற்பது என்ன இருக்கிறது? அதோடு போனில் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஓடினால் படம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வளையும், சால்வ் எர்ரர், அதாவது அந்தக் கணக்கில் வரும் பிழை, ஒரு பிக்சலுக்குக் கீழே வரவே வராது.

நான்கு ஷாட்டையும் டிரைபாடில் பூட்டி எடுங்கள். கேமரா அசையவில்லை என்றால் ட்ராக்கிங்கே வேண்டாம். எஃப்ஸ்பை என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஷாட்டிலிருந்து ஒரு ஃப்ரேமை அதில் போட்டு, சாலை ஓரம், கட்டட விளிம்பு இவற்றின் மேல் கோடுகளை இழுத்து வைத்தால் கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். பிளெண்டருக்கு அதை இறக்குமதி செய்யும் ஆட்-ஆன் உண்டு. டிராம் சாலைமேல் சரியாக உட்கார்ந்துவிடும்.

கேமரா ஆடாமல் இருந்தால் படம் செத்துப்போய்த் தெரியுமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. போனில் 4கே எடுங்கள், படத்தை 1080-இல் முடியுங்கள். டிராம், நிழல் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு, கடைசியாக மொத்தப் படத்துக்கும் கையில் பிடித்தது போன்ற சின்ன ஆட்டத்தைக் கொடுங்கள். சாலையும் டிராமும் ஒன்றாக ஆடும்போது கண் இரண்டையும் ஒரே படமாக ஏற்றுக்கொள்கிறது. சம்பளத்துக்கு காம்ப் (காட்சிகளை ஒன்றாக ஒட்டும்) வேலை பார்க்கிறவர்களே நேரம் இல்லாவிட்டால் இதைத்தான் செய்கிறோம்.

எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். நடைபாதையில் நின்றால் டிராமுக்கு முன்னால் பைக், ஆட்டோ, பஸ் என்று குறுக்கே போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றையும் ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டி எடுக்க வேண்டும், அந்த ரோட்டோ வேலை செய்கிறவன் அழுவான். நடை மேம்பாலம் ஒன்றைப் பிடித்து மேலிருந்து எடுங்கள். குறுக்கே எதுவும் வராது, டிராமின் கூரையும் ஒரு பக்கமும்தான் தெரியும், மாடலில் பாதி வேலை மிச்சம். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் நிழல் மெத்தென்று இருக்கும், பொருத்துவது சுலபம். டிரைபாட் விரித்தால் யாராவது வந்து கேட்பார்கள், அனுமதி விஷயத்தைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கடைசிபெஞ்ச்

கீஃப்ரேம் அண்ணன் சொன்னது சரி, ஆனால் எதற்கு இவ்வளவு? பழைய டிராம் போட்டோ ஒன்றை வெட்டி எடுத்து, ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருக்கிற ஃப்யூஷன் என்ற எஃபெக்ட்ஸ் பகுதியில் போட்டு இடமிருந்து வலம் நகர்த்தி, ஒபாசிட்டியைக் குறைத்து ஆவி மாதிரி ஓட விட்டால் முடிந்தது. நினைவில் ஓடுகிற டிராம்தானே. ஊடுருவித் தெரிந்தால் தப்பே இல்லை, தண்டவாளம் ஏன் இல்லை என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே நாளில் முடியும்.

கீஃப்ரேம்

பக்கவாட்டு ஷாட் ஒன்றுக்கு போட்டோ ஓகே, அதை நானே சொல்லியிருக்க வேண்டும். மேம்பாலத்து ஷாட்டுக்கு அது எடுபடாது, டிராம் கிட்டே வர வர அதன் பெர்ஸ்பெக்டிவ் மாற வேண்டும், போட்டோ அட்டை மாதிரித்தான் நிற்கும். ஒபாசிட்டி குறைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. டிராமின் வயிற்றுக்குள் ஒரு ஷேர் ஆட்டோ ஓடுவது தெரியும். பார்க்கிறவன் சிரித்துவிடுவான். முழுசாக, கனமாக, நிழலோடு வரட்டும், அப்போதுதான் 'அட' என்று இருக்கும். தண்டவாளம் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வைத்தால் அதன்மேல் ஏறிப் போகிற ஒவ்வொரு வண்டியையும் வெட்ட வேண்டும்.

இன்னொன்று, ஃப்யூஷனை 8 ஜிபியில் ஓட்டச் சொல்கிறீர்களே. ரிசால்வுக்கே 16 ஜிபி வேண்டும், ஃப்யூஷன் தொட்டால் 32 என்கிறார்கள். அந்த லேப்டாப்பில் பிளெண்டரின் காம்பசிட்டரிலேயே ஒட்டிவிட்டு, எடிட்டுக்கு ஷாட்கட் மாதிரி லேசானது ஒன்றை வைத்துக்கொள்ளட்டும்.

விஸ்காம்பொண்ணு

ரொம்ப நன்றி. நடக்கிற ஷாட்டைத் தூக்கியாச்சு, அதை யோசித்தவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். சும்மா ஒரு பெட்டி டிராம் செய்து பக்கத்துத் தெரு வீடியோவில் ஓட்டிப் பார்த்தேன். நிழல் கொடுத்தும் மிதக்கிற மாதிரியே இருக்கிறது. மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் எடுத்து, கடைசியில் மறுபடியும் மெதுவாகிறது. பார்க்கவும் பளிச்சென்று பொம்மை மாதிரி இருக்கிறது. ஆறு விநாடி ரெண்டர் (மாடலைப் படமாக மாற்றும் வேலை) ராத்திரி போட்டேன், கரண்ட் போய், எம்பி4 ஃபைல் திறக்கவே இல்லை.

நைட்ஷிஃப்ட்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிதப்பதற்கு முதல் காரணம் கீஃப்ரேம், அதாவது டிராம் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் வைக்கிற குறி. அவற்றுக்கு நடுவே நகர்வை பிளெண்டர் தானாகவே பெசியர் என்ற வளைகோட்டில்தான் வைக்கும், அதனால்தான் அந்த மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கிற சமாசாரம். கிராஃப் எடிட்டரில் இரண்டு கீயையும் தேர்ந்தெடுத்து லீனியர் (சீரான வேகம்) ஆக்குங்கள். டிராம் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வந்து வெளியே போக வேண்டும், உள்ளே கிளம்பவும் கூடாது, நிற்கவும் கூடாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அதன் சுற்றளவு தூரம்தான் டிராம் நகர வேண்டும், அதையும் பாருங்கள். நிழலுக்கு பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் தரையை ஷேடோ கேட்சர் (நிழலை மட்டும் காட்டும் தரை) ஆக்கியிருப்பீர்கள், ஆனால் விழுகிற நிழலைவிட டிராமின் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிற இருட்டுதான் முக்கியம். சாலையில் நிற்கிற எந்த பஸ்ஸையும் பாருங்கள், வெயிலே இல்லாவிட்டாலும் அடியில் கருப்பாக இருக்கும். அது இல்லை என்றால் எவ்வளவு நல்ல மாடலும் மிதக்கும்.

பொம்மை மாதிரி இருப்பதற்குக் காரணம் அது சுத்தமாக இருப்பது. போன் வீடியோவில் இரைச்சல் உண்டு, தூரம் போகப் போகப் புகைமூட்டம் உண்டு, சென்னையில் கேட்கவே வேண்டாம். ஒரு சோதனை: ஒட்டிய படத்தின் காமாவை (வெளிச்ச அளவை) தாறுமாறாக ஏற்றுங்கள். சாலையில் அதே தூரத்தில் இருக்கிற பஸ்ஸின் டயர் சாம்பலாக வெளுக்கும்போது உங்கள் டிராமின் ஜன்னல் மட்டும் மை மாதிரிக் கருப்பாக நின்றால், அங்கேதான் குட்டு உடைகிறது. டிராமின் கருப்பை அந்த டயர் அளவுக்குத் தூக்குங்கள். துளி மங்கல், துளி கிரெயின் (இரைச்சல் புள்ளிகள்) சேருங்கள். மோஷன் பிளரையும் (வேகத்தில் வரும் மங்கலையும்) போட்டுவிடுங்கள்.

ரெண்டரை எம்பி4-இல் போடவே போடாதீர்கள். ஃப்ரேமுக்கு ஒன்றாகப் பிஎன்ஜி படங்களாக வரிசையாகப் போடுங்கள், ஃபிலிம் பகுதியில் டிரான்ஸ்பரன்ட் டிக் செய்தால் டிராமும் நிழலும் மட்டும் தனியாக வரும். கரண்ட் போனால் போன ஃப்ரேமிலிருந்து தொடரலாம். அவுட்புட்டில் ஓவர்ரைட் என்ற டிக்கை எடுத்துவிட்டால், இருக்கிற ஃப்ரேமை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் போடும். கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நான்கு ஷாட், ஆளுக்கு ஆறு விநாடி, விநாடிக்கு 25 ஃப்ரேம், மொத்தம் 600. ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20 மணி நேரம். திருத்தம் இரண்டு தடவை வந்தால் 60. ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிடும் சாம்பிளை 128-க்கு மேல் ஏற்றாதீர்கள், மிச்ச இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸரை நம்புங்கள்.

கல்லூரி லேபில் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் இல்லையா? பிளெண்டர் ஜிப்பாகவும் கிடைக்கிறது, பென்டிரைவிலிருந்தே ஓடும், இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. டெக்ஸ்சர்களை (மாடல்மேல் ஒட்டிய படங்களை) ஃபைலுக்குள் பேக் செய்துவிட்டு, இந்த மெஷினுக்கு 1 முதல் 50, அதற்கு 51 முதல் 100 என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வெளிச்சம் மாறி நிற்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் முதலில் கேட்டுவிடுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தப்பில்லை.

செட்டுக்காரி

எல்லோரும் டிராமையே பிடித்துக்கொண்டு பாட்டியை மறந்துவிட்டீர்கள். படத்தில் ஆட்கள் ஞாபகம் வைத்திருக்கப் போவது அந்த ஷாட்டைத்தான்.

பின்னணியை மாற்றுவதற்கென்று பச்சைத் துணி வாங்கப் போகாதேம்மா. ஹாஸ்டல் அறையில் சுருக்கம் இல்லாமல் துணி கட்டி, அதற்குத் தனியாகச் சமமாக வெளிச்சம் போட்டு, பாட்டியை அதிலிருந்து ஆறடியாவது தள்ளி உட்கார வைத்தால்தான் பச்சை முகத்தில் அடிக்காது. இடமே இருக்காது. போன் வீடியோ நிறத்தைச் சுருக்கித்தான் பதிவு செய்யும், அதில் நரைமுடியின் ஓரத்தைக் கீ செய்து (பச்சையை மட்டும் நீக்கி) பார், பாதி முடி காணாமல் போகும்.

நான் நாடகத்துக்கு செட் போடுகிறவள், இப்படிச் செய்வேன். பழைய மர ஜன்னல் சட்டம் ஒன்று, அதற்கு வெளியே வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சத்தை அடி. எக்ஸ்போஷரைப் பாட்டி முகத்துக்கு வைத்துப் பூட்டு, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெளுத்துப்போகும், மத்தியான வெயில் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். இப்போது இன்னொரு விளக்கைப் பக்கத்தில் வைத்து, அதற்கு முன்னால் ஒருத்தர் வேப்பங்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் கடந்துகொண்டே இருக்கட்டும். இலை நிழல் பாட்டியின் கன்னத்தில் விழுந்து, மூக்கைத் தாண்டி, காதுப் பக்கம் போய் மறையும். இடையிடையே ஒரு அட்டையை விட்டால் தூண் கடந்த மாதிரி இருக்கும். பெஞ்சின் காலை ஒருத்தர் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வண்டி ஓடும். இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை.

டியூப்லைட்டில் எடுத்தால் படம் துடிக்கும், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போனில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வை, படத்தை விநாடிக்கு 25 ஃப்ரேமில் வை.

வரைபடத்துக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம் என்பேன். பழைய மதராஸ் வரைபடத்தைப் பெரிதாக பிரின்ட் எடுத்து மேஜையில் ஒட்டி, போனை மேலே அசையாமல் கட்டி, சிவப்பு உல்லன் நூலை ஒவ்வொரு விரல்கடையாக நகர்த்தி நகர்த்திப் படம் எடு. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிற்க வைத்தால் எட்டு விநாடிக்கு நூறு படம், ஒரு மத்தியான வேலை. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடு. ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து. ஃபேன் காற்றில் நூல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் ஓடும்போது பூச்சி நெளிவது போலத் தெரியும்.

கடைசிபெஞ்ச்

அக்கா சொன்ன பாட்டி ஷாட்டுக்கு நான் என் ஆவி டிராமை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விஸ்காம்பொண்ணு

அக்கா, வேப்பங்கொத்து ஐடியாவைக் குழுவில் படித்துக் காட்டினேன், மூஞ்சியைத் தூக்கியவனே நான் பிடிக்கிறேன் என்று வந்துவிட்டான். இப்போது பிரித்திருப்பது இப்படி: நானும் 1650 வைத்திருப்பவனும் டிராம் மாடலும் ரெண்டரும், இரண்டு பேர் பாட்டி ஷாட்டும் நூல் அனிமேஷனும், ஒருத்தி எடிட். ஒரே ஒரு கேள்வி மிச்சம். மேம்பாலத்தில் இரண்டு ஷாட்தான் அந்த நேரத்தில் எடுக்க முடியும் போல. மீதி இரண்டை வெயில் வந்த பிறகு எடுத்தால் பரவாயில்லையா? அப்புறம் டிராம் சத்தத்துக்கு என்ன செய்வது?

நைட்ஷிஃப்ட்

வெயிலில் எடுக்கலாம், ஆனால் எடுத்த நேரத்தை எழுதி வையுங்கள், ஒரு குச்சியை நட்டு அதன் நிழலையும் ஐந்து விநாடி எடுத்து வையுங்கள். பிளெண்டரில் அதே உயரக் குச்சி ஒன்றை நட்டு, இரண்டு நிழலும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை சன் லைட்டைத் திருப்பினால் போதும். ஷாட் எடுத்ததும் ஆள் அகலக்கூடாது, வாகனம் குறைந்த ஒரு நிமிடத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது மறைக்க வேண்டிவந்தால் அந்தக் காலிச் சாலை கைகொடுக்கும். போன் வீடியோவில் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும், பிளெண்டருக்குக் கொண்டுபோகும் முன்னால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றிவிடுங்கள்.

சத்தத்துக்குக் கடற்கரை ஸ்டேஷனில் மின்ரயில் வேகம் குறைந்து நுழைகிறபோது போனில் பதிவு செய்யுங்கள், அந்த இரும்பு உரசல் போதும். மணிக்குப் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள். மணிச் சத்தம் டிராம் தெரிவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே வரட்டும்.