பதில்: கிளிப்பிங்குக்கு ‘தலைதட்டல்’ சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

நம் அமெச்சூர் வானொலிக் கையேட்டில் யு.எஸ்.பி. கம்பி வழியாக வானொலியைக் கணினியோடு இணைக்கும் பகுதி, ‘லெவல்’, ‘கிளிப்பிங்’ என்ற இரண்டு சொற்களுக்குத் தமிழ் முடிவாகாததால்தான் பாதியில் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘லெவல்’. வரைவில் எல்லா இடத்திலும் ‘ஒலியளவு’ என்று இருக்கிறது, இதை மாற்றியே ஆகவேண்டும். ஒலியளவு என்று படித்தவுடன், சரியாகக் கேட்காவிட்டால் கூட்டு என்றுதான் கை போகும். ஆனால் விண்டோஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் இருக்கிற அந்த நகர்த்தி காதுக்கானது இல்லை. வானொலியிலிருந்து வரும் அலை கணினிக்குள் எவ்வளவு பெரிய எண்ணாகப் பதிய வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. எஃப்.டி.8 (கணினி வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் அமெச்சூர் வானொலி முறை) பழகிய புதிதில் நான் அதை 100-இல் வைத்திருந்தேன். 14.074 மெகாஹெர்ட்சில் வலுவான நிலையம் ஒன்று வரும்போதெல்லாம் மற்ற நிலையங்கள் காணாமல் போகும், நான் ஆன்டெனா இணைப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஆன்டெனாவில் ஒரு குறையும் இல்லை.

இலங்கை நண்பர்கள் சொன்ன ‘மட்டம்’தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே தேசிய மட்டம், மாகாண மட்டம் என்று அன்றாடம் புழங்குகிற சொல். நமக்கும் நீர்மட்டமும் ரசமட்டமும் இருக்கின்றன. ‘மட்டமான சரக்கு’ என்ற பொருள் குறுக்கே வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அணையின் நீர்மட்டம் என்று செய்தியில் படிக்கும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லையே. உள்வரு மட்டம், வெளிச்செல் மட்டம் என்று இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்தும். ஒலிபரப்பும்போது வெளிச்செல் மட்டத்தைக் கூட்டிவிட்டால் ஏ.எல்.சி. (வானொலி தானாக வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) முள் எகிறி, நம் அலை பக்கத்து அலைவரிசையில் இருப்பவர் மேலெல்லாம் சிதறும். அங்கேயும் ‘ஒலியளவு’ என்று எழுதினால் அதே தப்பான பாடம்தான் போகும்.

அப்புறம் கிளிப்பிங், அதாவது அளவு மீறிய அலையின் உச்சி தட்டையாகிப் போவது.

> ‘வெட்டு’ என்றே போட்டுவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒலிக்கோப்பில் ஒரு துண்டை எடுப்பதும் வெட்டு, வெட்டி ஒட்டுவதும் வெட்டு. ‘சிதைவு’ என்று இன்னொருவர் சொன்னது டிஸ்டார்ஷனுக்கு உரியது. கிளிப்பிங்கால் சிதைவு வரும், ஆனால் சிதைவெல்லாம் கிளிப்பிங் ஆகாது.

எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போது பாட்டி கேட்பார், கோபுரமாகவா, தலைதட்டியா என்று. தலைதட்டி என்றால் படியின் விளிம்புக்கு மேலே நிற்பதைக் கையால் வழித்துத் தள்ளிவிடுவது. கிளிப்பிங்கில் நடப்பது அச்சு அசலாக இதுதான். 16 பிட் ஒலியில் 32767-க்கு மேல் எண் கிடையாது, அதுதான் படியின் விளிம்பு. அலையின் முகடு அதற்கு மேல் போனால் உச்சி தட்டையாகிவிடும். வழித்துத் தள்ளியது திரும்ப வராது, பிறகு மென்பொருளில் எவ்வளவு குறைத்தாலும் தட்டையான அலைதான் சின்னதாகும். அந்தத் தட்டை உச்சி, மூல அலையில் இல்லாத புது ஒலிகளையும் உண்டாக்கும். 700 ஹெர்ட்ஸில் வந்த வலுவான நிலையத்தின் போலி 2100-இல் அருவிப்படத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று திரையில் ஓடும் படம்) தெரியும். ‘முகடு தலைதட்டப்படுகிறது’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் படமே வந்துவிடுகிறது. கிளிப்பிங் என்று தமிழெழுத்தில் எழுதினால் அது வராது.

> எத்தனையில் வைக்க வேண்டும் என்று எண்ணைச் சொன்னால் போதும், சொல் எதற்கு?

எண்ணும் வேண்டும்தான். எஃப்.டி.8-க்குப் பயன்படும் டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் மென்பொருளில் நிலையம் எதுவும் இல்லாத வெறும் இரைச்சலுக்கு அளவி சுமார் 30 டெசிபெல் காட்டினால் சரி. ஆனால் 30 என்று மட்டும் சொன்னால் ‘90 வரை இருக்கிறதே, ஏன் இவ்வளவு கீழே?’ என்று கேட்பார்கள். 30 டெசிபெல் என்பது எண்ணில் சுமார் 32. விளிம்பு 32767, அதாவது சுமார் 90 டெசிபெல். நடுவில் விட்ட 60 டெசிபெல், அலையின் உயரத்தில் ஆயிரம் மடங்கு பெரிய நிலையம் திடீரென்று வந்தாலும் தலைதட்டாமல் இருப்பதற்கான இடம். சொல் சரியாக இருந்தால் இந்த விளக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

அந்த இடத்துக்கு, அதாவது ஹெட்ரூமுக்கு, எனக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘மேல்வெளி’ என்று எழுதிப் பார்த்தேன், வானத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. ஏரிக்கரையில் நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விடுகிற உயரத்துக்கு உங்கள் ஊரில் ஏதாவது சொல் புழங்குகிறதா? இருந்தால் எழுதுங்கள்.