'கையாலாகாத': லகரமா, ளகரமா?

வண்ணை வாசி:
தெருவில் மழைநீர் தேங்குவதைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை. 'கையாலாகாத' என்று போடுவதா, 'கையாளாகாத' என்று போடுவதா? பழைய வண்ணாரப்பேட்டைச் சுவரொட்டிகளில் இரண்டும் கண்ணில் படுகின்றன. சொல் எப்படி வந்தது? 'கையாலாகாதத்தனம்' சரியா?

ஈறுகெட்டான்:
லகரம்தான். கை + ஆல் + ஆகாத. 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு. 'ஆகு' இங்கே 'முடி, இயல்' என்ற பொருளில் வருகிறது. நம்ம பக்கம் "அதெல்லாம் உன்னால ஆவாது" என்கிறோமே, அதே 'ஆவாது'தான். 'உன்னால்' இருக்கும் இடத்தில் 'கையால்' வைத்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். 'உன்னாள் ஆகாது' என்று யாரும் எழுதுவதில்லை.

ளகரம் நுழைவது 'ஆளாகு', 'கையாள்' இரண்டும் கண்ணுக்குப் பழகியதால். கையாள் என்றால் எடுபிடி. அப்படிப் பார்த்தால் 'கையாளாகாதவர்' யாருக்கும் எடுபிடி ஆகாதவர். திட்டப் போய்ப் பாராட்டிவிட்டு வருவீர்கள்!

'கையாலாகாத்தனம்' என்று எழுதுங்கள். 'ஆகாத' என்பதில் ஈறு, அதாவது கடைசி எழுத்தான 'த', கெட்டு 'ஆகா' என்று நிற்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும், 'அழியாப்புகழ்' மாதிரி. ஈறு கெடாதபோது மிகாது: 'கையாலாகாத கூட்டம்', நடுவில் 'க்' வேண்டாம்.

காசிமேட்டுக் காத்து:
இதைக் 'கையறுநிலை'யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இறந்தவரை எண்ணிச் செயலற்றுப் புலம்பும் புறத்துறை, அதாவது புறப்பாடல்களில் ஒரு வகை. பாரிமகளிரின் 'அற்றைத் திங்கள்' (புறநானூறு 112) அந்தத் துறைதான். அதில் இகழ்ச்சி கிடையாது.

'லாயக்கில்லாதவன்' கொஞ்சம் இளகிய சொல். உருது வழியாக வந்த அரபுச் சொல் அது, தகுதியைக் குறிப்பது. இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன் வேறொன்றுக்கு லாயக்காக இருக்கலாம். 'சோப்ளாங்கி' என்றால் தெம்பில்லாத ஆள். 'துப்புக்கெட்டவன்' மட்டும்தான் கையாலாகாதவனுக்குப் பக்கத்தில் நிற்கும். துப்பு என்றால் வலிமை, பழைய சொல்.

வண்ணை வாசி:
நன்றிங்க. மனுவிலும் இதையே போடலாமா?

ஈறுகெட்டான்:
கூடாது. துண்டறிக்கையில் காரம் இருக்கலாம். மனுவில் இருந்தால் படிப்பவர் வசையைப் பிடித்துக்கொண்டு தேங்கிய தண்ணீரை விட்டுவிடுவார். தெருப்பெயர், எத்தனை நாளாகத் தண்ணீர், முழங்கால் அளவா கணுக்கால் அளவா, முந்தைய மனுவின் தேதி, ஒப்புகை எண். அதற்குக் கீழே 'நடவடிக்கை எடுக்கப்படவில்லை' என்று ஒரே வரி போதும்.