பழைய ஃபாக்ஸ்புரோ பில்லை சி.ஆர்.எம்.முக்கு முழுசா ஏத்தணுமா?

மேம்பாலம்:
மார்த்தாண்டத்துல ஹார்டுவேர், பெயின்ட், மோட்டார் கடை. 2004 முதல் பில் ஃபாக்ஸ்புரோங்கிற பழைய டேட்டாபேஸ் மென்பொருள்ல, கணக்கு டேலியில, சேல்ஸ் பையன்மாரு கையில ஆளுக்கொரு எக்ஸெல். எல்லாம் ஜோஹோ சி.ஆர்.எம்.முக்கு (வாடிக்கையாளர் விவரம் வைக்கிற கிளவுட் மென்பொருள்) போகணும். 20 வருஷ பில்லையும் ஏத்தணுமா?

கணக்குப்பெட்டி:
வேண்டாம் அண்ணே. கடைசி 3 வருஷம் வாங்கினவங்க, பாக்கி நிக்கிறவங்க போதும். பழைய டேட்டாவுல குப்பைதான் அதிகம். ஃபாக்ஸ்புரோவுல டெலீட் அடிச்ச வரி கோப்பை விட்டுப் போகாது, வரியோட முதல் பைட்டுல ஒரு நட்சத்திரக்குறி மட்டும் விழும். ‘பேக்’ கட்டளை கொடுத்தாத்தான் போகும். அந்தக் குறியைப் பாக்காத கன்வெர்ட்டர்ல போட்டா, ரத்தான பில்லெல்லாம் உயிரோட வந்து நிக்கும்.

வள்ளியாறு:
3 ஆண்டுக் கணக்கு நம்ம மாவட்டத்துக்குச் சரிவராது. வளைகுடாவில் இருப்பவர் தரைத்தளம் கட்டிவிட்டுப் போவார். மாடி எடுக்க 6, 7 ஆண்டு கழித்து வருவார். அவர்தான் பெரிய பில் போடுபவர். அவரை வெட்டிவிட்டு யாருக்காக சி.ஆர்.எம்.?

கணக்குப்பெட்டி:
ஆளை வெட்டச் சொல்லல, பில் வரியை. ஆளுக்கு மூணு கட்டம்: முதல்ல வாங்கின வருஷம், கடைசியா வாங்கின தேதி, மொத்தத் தொகை. மூணையும் ஃபாக்ஸ்புரோவுலயே கூட்டி எடுத்துக்கிடலாம். கிளவுட்ல இடத்துக்குக் காசு. 5 கிலோ ஆணி வாங்கினது எதுக்கு?

வள்ளியாறு:
ஆணி வேண்டாம். பெயின்ட் ஷேடு எண் வேண்டும், மோட்டார் சீரியல் எண் வேண்டும். ‘போன தடவை அடிச்ச அதே கலர்’ என்று கருங்கல் ஊரில் ஒருவர் கேட்டால், சேல்ஸ் பையன் போனில் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்தால் அவனுக்கு எப்படி எட்டும்?

கணக்குப்பெட்டி:
அது நியாயம், ஒத்துக்கிடுதேன். பெயின்ட், மோட்டார் வரியை மட்டும் பிரிச்சுத் சி.ஆர்.எம்.முல தனி மாட்யூல்ல (தனிப் பகுதி) போடுங்க. சிமென்ட், கம்பி ஏறவே கூடாது. ஆனா அழிச்சுடாதீங்க. ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் பில் கையில இருக்கணும். டிபிஎஃப் கோப்போட (ஃபாக்ஸ்புரோ டேட்டா கோப்பு), நீளக் குறிப்பு இருக்கிற மெமோ கோப்பையும் சேத்து ரெண்டு இடத்துல காப்பி வையுங்க.

தோவாளை:
நீங்க ரெண்டு பேரும் எதை ஏத்தணும்னு பேசுதிய. ஏத்துறதுக்கு முன்ன கழுவணும்லா? பேரு தமிழ்ல பாமினி எழுத்துருவுல இருந்தா பெரிய தலைவலி. பாமினியில கோப்புக்குள்ள கமாவா இருக்கிறதுதான் திரையில ‘இ’. மேற்கோள் குறிக்குள்ள போடாம சிஎஸ்வி (கமாவால கட்டம் பிரிக்கிற கோப்பு) எடுத்தா, இசக்கி, இராஜன் வரியில எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போயிடும். போன் நம்பர் இடத்துல ஊர் பேரு நிக்கும். அதனால முதல்ல யூனிகோடுக்கு (இப்ப எல்லாக் கருவியிலயும் உள்ள பொது எழுத்துமுறை) மாத்தணும், அப்புறம் சிஎஸ்வி. அதுலயும் இங்கிலீஷ்ல அடிச்ச பேரைத் தனியா ஒதுக்கிட்டு மாத்தணும், இல்லன்னா அதுவும் அர்த்தமில்லாத தமிழாயிடும்.

போன் நம்பர்: 04651-ல தொடங்குற லேண்ட்லைனை எக்ஸெல்ல திறந்தா முன்னால உள்ள சைபர் போயிடும். மிச்சம் சரியா 10 இலக்கம். மொபைல்னு நினைச்சு ஏத்திடுவாங்க. 6 முதல் 9 வரைக்கும் தொடங்குறது மட்டுமே மொபைல் கட்டத்துக்குப் போகணும். 03/04/2019 ஏப்ரலா மார்ச்சா? மாசத்தை முன்னால வைக்கிற செட்டிங்குல எக்ஸெல் 12 வரைக்கும் உள்ள நாளைச் சத்தமில்லாம மாசமாக்கிடும், 13-லிருந்து உள்ளதை எழுத்தா விட்டுடும். எக்ஸெல்ல திறக்காமலே ஏத்துறது நல்லது.

வள்ளியாறு:
இரட்டைப் பதிவை மொபைலை வைத்துச் சேர்க்காதீர்கள். அப்பனும் மகனும் ஒரே நம்பர் கொடுத்திருப்பார்கள். வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. எண்ணும் முழுசாகப் போதாது. எண்ணின் முதல் 2 இலக்கம் மாநிலக் குறியீடு: களியக்காவிளையில் (தமிழ்நாடு) 33, பாறசாலையில் (கேரளா) 32 என்று ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருக்கும். 3-ஆவது இலக்கத்திலிருந்து 10 எழுத்து பான். அதை வைத்துப் பொருத்துங்கள். ஆனால் இரண்டு கடையையும் ஒன்றாக்க வேண்டாம், ஒரே தாய்க் கணக்கின் கீழ் வையுங்கள்.

மேம்பாலம்:
இனிஷியல் எங்க போடணும்?

தோவாளை:
ஜோஹோவுல ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். பேரை அதுல போடுங்க, இனிஷியலை ‘ஃபர்ஸ்ட் நேம்’ல. மாத்திப் போட்டா தேடும்போது ‘எஸ்’னு நூறு பேரு வருவான். பழைய கஸ்டமர் கோடுக்கு ஒரு தனிக் கட்டம் வச்சு, ‘டூப்ளிகேட் கூடாது’ன்னு அமைச்சுக்கிடுங்க. மறுபடி ஏத்தினாலும் ரெண்டாகாது.

கணக்குப்பெட்டி:
ஏத்துற வரிசை: அக்கவுன்ட் (கடை, நிறுவனம்), கான்டாக்ட் (ஆள்), அப்புறம் டீல் (வியாபாரம்), கடைசியா குறிப்பு. ஏத்துறதுக்கு முன்ன தானியங்கி எஸ்எம்எஸ், மெயில் எல்லாத்தையும் நிறுத்துங்க. மறந்தா பழைய கஸ்டமர் அத்தனை பேருக்கும் ‘புதிய வாடிக்கையாளரே வருக’ன்னு போயிடும். முதல்ல 50 பேரை மட்டும் ஏத்தி ஒவ்வொண்ணா ஒப்புப் பாருங்க. பாக்கி மொத்தம் டேலியில சண்ட்ரி டெட்டர்ஸ் (பாக்கிக்காரங்க) தொகையோட பைசா வரை ஒத்து வரணும்.

வள்ளியாறு:
பாக்கித் தொகையை சி.ஆர்.எம்.மில் ஏற்றுவதிலேயே எனக்கு உடன்பாடில்லை. மறுநாளே பழசாகிவிடும். டேலியிலிருந்து தினமும் இழுக்க வழி செய்தால் மட்டும் காட்டுங்கள்.

கணக்குப்பெட்டி:
அது வர்றவரைக்கும் பையன்மாரு வசூலுக்கு எதைப் பாத்துப் போவானுவ? ‘இந்தத் தேதி நிலவரம்’னு பக்கத்துல தேதி போட்டு ஏத்தலாம்.

மேம்பாலம்:
தேதியோட ஏத்துதேன். ஜூன், ஜூலை மழையில கட்டடவேலை குறையும், அப்ப ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஃபாக்ஸ்புரோ பில்லை நிறுத்திட்டு மாத்திக்கிடலாம். ஷேடு எண் பில் வரியில தனிக் கட்டமா இல்ல, ஐட்டம் பேருக்குள்ளயே ஒட்டிக் கிடக்கு. அதைப் பிரிக்க முதல்ல உக்காரணும்.