ரொஸ்மீட் பிளேஸ் வீடு: நூதனசாலையா, ஹோட்டலா?

வெள்ளவத்தை வாசன்:
கொழும்பு 7, ரொஸ்மீட் பிளேஸில் இருக்கும் ‘டின்டஜெல்’ வீடு இப்போது சொகுசு ஹோட்டல். எனக்கு அது பொறுக்கவில்லை. 1959 செப்டம்பர் 25 காலை பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டது அந்த விறாந்தையில்தான். மறுநாள் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமர். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதி. இப்படிப்பட்ட வீட்டை அரசு வாங்கி நூதனசாலை ஆக்கியிருக்க வேண்டாமா?

கல்வீடு:
வேண்டாம். அதைக் கட்டியது பண்டாரநாயக்க குடும்பமே இல்லை. 1930ஐ ஒட்டி வைத்தியர் லூசியன் டி ஸில்வா கட்டியது. சிறிமாவோவின் தகப்பனார் பார்ன்ஸ் ரத்வத்த 1940களில் மகளுக்காக வாங்கினார். பண்டாரநாயக்க பரம்பரையின் வளவு ஹொரகொல்லவில் இருக்கிறது. கறுவாத்தோட்டத்தில், அதுதான் இந்தக் கொழும்பு 7இல், எத்தனை பழைய வீடுகளை இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள்? இந்த வீடு தப்பியதே ஹோட்டல் ஆனதால்தான்.

கொட்டாஞ்சேனை மலர்:
இரண்டு பேரும் விறாந்தையோடு நின்றுவிட்டீர்கள். அதன் முன்னால் உள்ள புல்தரைக்கும் வாருங்கள். 1957 ஜூலை 26 பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம்: பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். 1958 ஏப்ரல் 9 அதை எதிர்த்துப் பிக்குகள் திரண்டு வந்து அந்தப் புல்தரையில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகப் பண்டாரநாயக்க அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அடுத்த வருடம் அதே வீட்டுக்கு வந்து அவரைச் சுட்ட தல்துவே சோமராமவும் ஒரு பிக்கு. எங்கள் சனத்துக்கு அந்த வீட்டின் சரித்திரம் புல்தரையில்தான் தொடங்குகிறது.

வாசன்:
அக்கா, இதற்காகத்தானே நூதனசாலை வேண்டும் என்கிறேன்!

கல்வீடு:
அரசு நூதனசாலையில் ஏப்ரல் 9ஐ எழுதுவார்கள் என்று நம்புகிறீர்களா, தம்பி? புகழ்பாடும் படங்களை மாட்டிவிட்டு, ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

மலர்:
எழுதமாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிட முடியுமா? ஹோட்டல் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. தெருவில் போகிறவர்கள் வாசிக்கிற மாதிரி மதிலில் மும்மொழியில் ஒரு பலகை போடட்டும். கட்டியவர் பெயர், 1958 ஏப்ரல் 9, 1959 செப்டம்பர் 25, மூன்றும் அதில் இருக்க வேண்டும். கொலை நடந்த நாளை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

கல்வீடு:
சரி, பலகைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். நூதனசாலைக்குப் போடமாட்டேன்.

வாசன்:
முதலில் பலகை வரட்டும். நூதனசாலைக் கோரிக்கையை நான் விடுவதாக இல்லை.