ஹோம்ல வளர்ற பிள்ளைங்க, அவங்க வீடு, நம்ம ஆபீஸுங்க: நீங்க பாத்தத எழுதுங்க

கரிசல்காடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் தென்மாவட்டம் ஒண்ணுல குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கான்ட்ராக்ட்ல வேலை பாத்தவ. டிசிபியூன்னு சொல்லுவோம், கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல எங்கயாவது ஒரு ஓரத்துல இருக்கும், பாதி பேருக்கு அப்படி ஒரு ஆபீஸ் இருக்குறதே தெரியாது. ஹோம்ல, அதாவது குழந்தைகள் இல்லத்துல வேலை பாத்தவங்க, வளர்ந்தவங்க, தத்து எடுத்தவங்க யாரா இருந்தாலும் எழுதுங்க. பிள்ளைங்க பேரு, ஹோம் பேரு மட்டும் போடாதீங்க.

எனக்கு மனசுல நிக்கிறது ஜூன் மாசம். ஸ்கூல் தெறக்குற நேரம் ஆபீஸ் வாசல்ல அம்மாமாருங்க பிள்ளைங்களோட வந்து உக்காந்துருப்பாங்க, கையில டிசி, ஒரு பை நிறைய துணி. பயர் ஆபீஸ்க்கும் தீப்பெட்டி ஆபீஸ்க்கும், அதாவது பட்டாசு, தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போறவங்க, புருஷன் செத்துருப்பான் இல்ல விட்டுட்டுப் போயிருப்பான், பொம்பளப் பிள்ளைய தனியா வீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போக பயம். "ஹோம்ல ஒரு சீட்டு போட்டுக் குடுங்க மேடம், மூணு வேள சாப்புட்டு பத்திரமா இருக்கும்"னு கேப்பாங்க. பிள்ள அம்மா முந்தானைய புடிச்சிக்கிட்டே நிக்கும். ஹோம்ல இருக்குறதெல்லாம் அநாதப் பிள்ளைங்கன்னு வெளிய நெனைக்கிறாங்க, நான் ஃபைல் போட்ட பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்க. வீட்டுல காசு இல்ல, பாத்துக்க ஆள் இல்ல, அவ்வளவுதான் காரணம்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. மிஷன் வாத்சல்யாங்குற மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு இருக்கு, பிள்ள வீட்டுலயே இருந்து படிக்க மாசம் 4000 ரூபா. ஹோம்ல ஒரு பிள்ளைக்கு அரசு மானியம் குடுத்தா அது மாசம் 3000. கணக்கு பாத்தாலே எது நோக்கம்னு தெரியும். ஆனா நடக்குறது வேற. ஸ்பான்சர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேணும், கிராமம்னா வருஷம் 72,000-க்குள்ள, டவுன்னா 96,000-க்குள்ள. விதவைன்னா இறப்புச் சான்று, கைவிடப்பட்டவன்னா அதுக்கு ஒரு சான்று. விட்டுட்டுப் போனவன் எங்க இருக்கான்னே தெரியாது, விவாகரத்துப் பேப்பரும் இருக்காது, "அவரு வந்து கையெழுத்துப் போடட்டும்"னு விஏஓ ஆபீஸ்ல சொல்லி அனுப்பிருவாங்க. அப்புறம் வீட்டு விசாரணை, கலெக்டர் தலைமையில கமிட்டி கூடணும், மாவட்டத்துக்கு இத்தன பேருக்குத்தான்னு ஒதுக்கீடு வேற. இதெல்லாம் முடியுறதுக்குள்ள அரைப் பரீட்சை வந்துரும். ஹோம் சீட்டு அதே வாரத்துல கெடைக்கும். அந்தத் தாய் எதக் கேப்பா சொல்லுங்க.

கடலோரத்தான்:
அக்கா, நான் அப்படி அஞ்சாவதுல உள்ள போய் ப்ளஸ் டூ முடிச்சு வெளிய வந்தவன். அடி ஒதையெல்லாம் இல்ல, சாப்பாடு கெடச்சிது, அத நான் மறக்கல. ஆனா ஞாயித்துக்கெழமை ஆனா யாராவது பர்த்டேக்கு பிரியாணி எடுத்துனு வருவாங்க, நாங்க சுத்தி நின்னு முன்னபின்ன தெரியாத ஒருத்தருக்கு ஹாப்பி பர்த்டே பாடணும், போட்டோ எடுப்பாங்க, அந்த போட்டோ ஃபேஸ்புக்ல வரும், ஸ்கூல்ல ஒருத்தன் பாத்துட்டு அடுத்த நாள்லேர்ந்து "ஹோம் பையன்"னே கூப்புட ஆரம்பிச்சான். குடுக்குறவங்க மேல எனக்குக் கோவமே இல்ல, நல்ல மனசோடதான் வராங்க. ஆனா இந்த மாதிரி பசங்க யாருன்னு தெரியுற மாதிரி படமோ பேரோ போடுறது சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவுல குத்தம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட சேத்து போடலாம். அன்னிக்கு எங்க யாருக்கும் இது தெரியாது. பிரியாணி குடுங்க, போட்டோ வேணாம், முடிஞ்சா மாசத்துக்கு ஒரு தரம் வந்து ஒரே பையனுக்கு கணக்கு சொல்லிக் குடுங்க, அவன் பேர ஞாபகம் வெச்சிக்கினு திரும்ப வாங்க, அது போதும்.

பதினெட்டு முடிஞ்ச உடனே வெளிய. ஆஃப்டர்கேர்னு 21 வயசு வரைக்கும் ஒதவணும்னு சட்டத்துல 46-வது பிரிவு இருக்குன்னு நான் தெரிஞ்சிக்கினதே அந்த வயசு தாண்டின பிறகுதான். ஆதார்ல ஹோம் அட்ரஸ், ரேஷன் கார்டுல என் பேரு இல்ல, வாடகைக்கு ரூம் கேட்டா "அப்பா என்ன பண்றாரு"ன்னு மொதல் கேள்வி. காலேஜுக்கு சாதி சான்றிதழ் கேட்டாங்க. பத்து வயசுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்ட ஆதரவற்ற பிள்ளைங்கள பிசி லிஸ்ட்ல சேத்துருக்காங்க, எனக்கு அம்மா இருக்காங்களே, அதனால அதுலயும் வரல. அம்மாவத் தேடிப் போனப்போ அவங்களுக்கு என்னாண்ட என்ன பேசறதுன்னே தெரியல, எனக்கும் தெரியல. மாசாமாசம் கொஞ்சம் பணம் அவங்க கையில ஒழுங்கா போயிருந்தா நான் அந்த வீட்லயே வளந்துருப்பேன், அவங்க என்ன வேணாம்னு சொல்லல.

பழைய 1098:
நானும் எழுதறனுங்க. கொங்குப் பக்கம் ஜங்ஷன்ல குழந்தைகள் உதவி மையத்துல இருந்தவன். ஆலப்புழா தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்துச்சுன்னா பிளாட்பாரத்துல ஒரு ரவுண்டு போவோமுங்க. ஜார்க்கண்டு, பீகார்ப் பசங்க, பதிமூணு பதினாலு வயசு இருக்கும், கூட ஒருத்தன் "எல்லாத்துக்கும் பதினெட்டு ஆச்சு"ன்னு ஆதார் காட்டுவான், பையனக் கேட்டா எந்த ஊரு மில்லுக்குப் போறம்னே தெரியாது. 24 மணி நேரத்துக்குள்ள பையன எங்க வெக்கறதுன்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தோணும், அது சட்டம், பயண நேரம் சேராது. குழுவுல தலைவர், நாலு மெம்பர், மாசம் 20 நாளாவது உக்காரோணும். பதவிக் காலம் மூணு வருசம், முடிஞ்சு அடுத்து ஆளுப் போடுற வரைக்கும் பக்கத்து மாவட்டக் குழுவத் தேடிப் போன காலமெல்லாம் இருந்துச்சுங்க. பையன் பேசுறது சந்தாலி, நம்மகிட்ட இருக்குறது அரைகுறை இந்தி. அவன் வீடு எதுன்னு கண்டுபுடிச்சு அந்த மாவட்டத்துல இருந்து அறிக்கை வர்ற வரைக்கும் அவன் வரவேற்பு இல்லத்துல ஜன்னலப் பாத்துட்டு உக்காந்துருப்பான்.

இன்னொன்னு சொல்லோணும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வர்ற போன்ல நெறைய எடுத்தா பேச்சே இருக்காது, மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். விளையாட்டுக்குப் பண்றாங்கன்னு புதுசா வந்தவங்க வெச்சுருவாங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, வைக்காதீங்க, "நான் இருக்கேன் கண்ணு, பேசோணும்னா பேசு, இல்லன்னா அப்புறமா கூப்புடு"ன்னு சொல்லுங்கன்னுதான். அப்படிச் சும்மா சும்மா கூப்புட்ட ஒரு புள்ள கடைசில ஒரு நாள் பேசுச்சு, வீட்டுலயே ஒருத்தனால தொந்தரவு, அது போக்சோ கேஸ் ஆச்சுங்க. 1996-ல மும்பையில ஆரம்பிச்சு தொண்டு நிறுவனங்க நடத்திட்டு இருந்த சேவைய 2023-ல அரசே எடுத்து 112 அவசர உதவி எண்ணோட இணைச்சுட்டாங்க. அரசு பொறுப்பு எடுக்குறது சரிதானுங்க, அது அவங்க கடமை. ஆனா அந்த மூச்சுச் சத்தத்துக்குக் காது குடுக்கத் தெரிஞ்சவங்க நெறையப் பேரு வேலை போயி மெடிக்கல் ஷாப்புலயும் இன்சூரன்ஸுலயும் இருக்காங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டீங்குது.

காவிரிக்கரை அம்மா:
நான் ஒரு பெண்கள் இல்லத்துல ராத்திரி டியூட்டி வார்டன். கரிசல்காடு சொல்றது சரி, ஆனா எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது, மேல 1098-காரர் சொன்ன, வீட்டுலயே தொந்தரவுபட்ட பிள்ளைய எந்த வீட்டுக்கு அனுப்புவீங்க? என்கிட்டயும் அப்படி இருக்குதுங்க, விளக்க அணைச்சா அலறும், பாத்ரூம் கதவ தாழ்ப்பா போட பயப்படும். அதுங்களுக்கு இல்லம் வேணும், நல்லா நடக்குற இல்லமா வேணும். ராத்திரி ஒரு ஹால் நெறையப் பிள்ளைங்களுக்கு நான் ஒருத்திதான். ஒண்ணுக்கு ஜுரம்னா அத மடியில போட்டுக்கிட்டே மத்ததுங்கள பாத்துக்கணும். கவுன்சிலர் எப்பவாவது வருவாங்க, சம்பளம் பத்தலன்னு போயிருவாங்க, பிள்ள புதுசா வர்றவங்ககிட்ட மறுபடியும் மொதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும். எத்தன தடவதான் சொல்லும் அது.

2020 மார்ச் கடைசியில கொரோனான்னு சொல்லி அவசர அவசரமா வீட்டுக்கு அனுப்பினாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கே ஒறச்சுது, இத்தன பிள்ளைங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருந்துருக்கு. ஆனா அனுப்பினா போதுமா? போய்ப் பாக்க ஆள் இல்ல. அந்த வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், வீட்டுக்குப் போன பிள்ளைங்க படிப்புக்கு மாசம் 2000 குடுங்கன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிருச்சு, பத்தாவது கூட முடிக்கல. இன்னொண்ணு பாட்டி வீட்டுல சந்தோஷமா இருக்கு, டிப்ளமோ படிக்குது, தீபாவளிக்கு போன் பண்ணும். ரெண்டும் ஒரே ரூம்ல இருந்ததுங்கதான். ஒரு வீட்டுக்கு ஆள் போய் எட்டிப் பாத்தாங்க, ஒரு வீட்டுக்குப் போகல.

மலையடிவாரம்:
நாங்க தத்து எடுத்தவங்க. காரான்னு தத்துக்கான மத்திய அரசு அமைப்பு இருக்கு, அதோட வெப்சைட்ல பதிஞ்சு மூணு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். அந்த நேரத்துல சொந்தக்காரங்க எத்தன பேரு "எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க, எதுக்கு இந்த அலைச்சல்"னு சொல்லியிருப்பாங்க தெரியுமா. 2019-ல ராசிபுரத்துல குழந்தை விக்கிற கும்பல் சிக்கினது எங்க பக்கத்துலதான், அதுக்கப்புறமும் சொல்றாங்க. விக்கிற குழந்தையோட அம்மா யாரு, அவ சம்மதிச்சாளா, யாருக்குத் தெரியும்? 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க, பொண்ணுன்னா கொன்னுடாதீங்க, இங்க போட்டுட்டுப் போங்கன்னு. 2022-லேர்ந்து தத்து ஆணை கோர்ட்டுக்குப் பதிலா கலெக்டர் குடுக்குறாரு, அதுல எங்களுக்கு வேலை சீக்கிரமா முடிஞ்சுது. காத்திருக்கிறவங்க தயவுசெஞ்சு குறுக்கு வழிக்குப் போகாதீங்க.

சிட்னித் தமிழன்:
யாழ்ப்பாணத்து ஆள் நான், இங்க ஆஸ்திரேலியாவில கேஸ் வேர்க்கர் வேலை. இங்க பெரிய ஹோம் எண்டு இப்ப கிட்டத்தட்ட இல்லை, பிள்ளையள் ஃபொஸ்டர் எண்டு சொல்லுற வளர்ப்புக் குடும்பத்திலயோ சொந்தக்காரரிட்டயோதான் இருக்கினம். அதாலே எல்லாம் சரி எண்டு நினைச்சிடாதேங்கோ. சொந்த வீட்டை விட்டு வெளியில இருக்கிற பிள்ளையளில பத்துக்கு நாலு பேர் பூர்வகுடிப் பிள்ளையள், நாட்டில இருக்கிற பிள்ளையளில அவையள் ஒரு ஆறு வீதம்தான். முந்தி அரசாங்கமே அவையளைத் தாய் தகப்பனிட்ட இருந்து பிடுங்கினது, 2008-ல பிரதமர் பாராளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டவர், ஆனா எண்ணிக்கை குறையேல்லை. ஒரு அம்மம்மா என்னட்டச் சொன்னா, "உங்கட ஆக்கள் பிள்ளையைக் கொண்டு போகேக்க ஒரு நாளில கொண்டு போவியள், திருப்பித் தர மட்டும் வருஷக்கணக்கா யோசிப்பியள்". அக்கா சொன்ன ஜூன் மாசக் கதையும் எனக்கு இதே மாதிரித்தான் கேக்குது. எடுக்கிற வேகம் குடுக்கிறதில இல்லை.

கரிசல்காடு:
காவிரிக்கரை அம்மா, நீங்க சொன்னத மனசார ஒத்துக்கிறேன், உங்க மாதிரி ஆட்கள் இல்லன்னா அந்தப் பிள்ளைங்களுக்குப் போக்கிடம் ஏது. 2007-ல மாமல்லபுரம் பக்கம் காப்பகங்கள்ல நடந்த கொடுமைய எழுதின பத்திரிகைச் செய்தியில ஆரம்பிச்ச வழக்கு 2017 மே மாசம்தான் சுப்ரீம் கோர்ட்ல தீர்ப்பாச்சு, எல்லா இல்லமும் பதிவு பண்ணணும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் போடணும்னு சொன்னாங்க. அந்தத் தனித்திட்டம்தான் என் வேலையோட உயிர்நாடி, இந்தப் பிள்ள எப்ப வீட்டுக்குப் போகும், அதுக்கு வீட்டுல என்ன மாறணும்னு எழுதுறது. நான் பாத்த நெறைய ஃபைல்ல அந்தத் தாள்ல "நன்றாகப் படிக்கிறாள், தொடர்ந்து இல்லத்தில் இருக்கலாம்"னு ஒரே வரி, வருஷா வருஷம் அதே வரி. எழுதுனவங்களையும் குத்தம் சொல்ல முடியல, ஒரு ஆளு மாவட்டம் பூரா பஸ்ல சுத்தி வீட்டு விசாரணை பண்ணணும், வருஷா வருஷம் கான்ட்ராக்ட் நீட்டிப்பாங்களா மாட்டாங்களான்னு வேற தெரியாது. அந்த போஸ்டிங்க நிரந்தரமாக்குங்க, ஆளக் கூட்டுங்க, வீட்டுக்குப் போற பணத்த ஸ்கூல் தெறக்குறதுக்கு முன்னாடி குடுங்க. நான் கேக்குறது இது மட்டுந்தான்.

தாமிரபரணி:
அக்கா ஒரு சந்தேகம். என் தங்கச்சி போன வருஷம் எறந்துட்டா, மச்சான் வேற கல்யாணம் பண்ணி எங்கயோ போயிட்டாரு, பிள்ளைய ரெண்டும் எங்கம்மாட்டதான் இருக்கு. அம்மாவால முடியல, ஹோம்ல சேக்கலாமான்னு வீட்ல பேசுதாங்க. என்ன செய்ய?

கரிசல்காடு:
சேக்காதீங்க, மொதல்ல இதப் பாருங்க. 2025 செப்டம்பர்ல அன்புக்கரங்கள்னு தமிழ்நாடு அரசு திட்டம் ஆரம்பிச்சாங்க, அம்மா அப்பா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, ஒருத்தர் எறந்து இன்னொருத்தர் கைவிட்டுட்டுப் போனாலும் சேரும், 18 வயசு வரைக்கும் மாசம் 2000. ரேஷன் கார்டு நகல், பிள்ளையோட ஆதார், பிறப்புச் சான்று இல்லன்னா ஸ்கூல் சான்று, பிள்ள பேருல பேங்க் பாஸ்புக். தங்கச்சியோட இறப்புச் சான்றும் கையில வச்சுக்கோங்க. பிள்ளைங்க பேரு இன்னும் மச்சான் கார்டுலயே இருந்தா அத மொதல்ல அம்மா கார்டுக்கு மாத்துங்க, பல பேருக்கு அங்கதான் சிக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு கேட்டு நேரா போங்க, 4000 ரூபா ஸ்பான்சர்ஷிப் பொருந்துமான்னும் அங்கயே கேளுங்க, மனுவ எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க. மச்சான் வந்து கையெழுத்துப் போடணும்னு யாராவது சொன்னா கெளம்பி வந்துராதீங்க, குழந்தைகள் நலக் குழுகிட்ட அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயி நெலமையச் சொல்லுங்க, அவங்க விசாரணைக்கு உத்தரவு போடலாம். எந்த மாவட்டம்னு தனியா மெசேஜ் பண்ணுங்க, அங்க இப்ப யாரு இருக்காங்கன்னு கேட்டுச் சொல்றேன்.