என்விஎம்இ டிஸ்க் போட்டதும் லேன் கார்டுகளின் பெயர் மாறிவிட்டது: எப்படி நிரந்தரமாகச் சரிசெய்வது?

குமிழ்:
வணக்கம். டெபியன் 12 லினக்ஸ் சர்வர். போர்டிலேயே ஒரு லேன் போர்ட், தனிக் கார்டில் இன்னொன்று. சிஸ்டம் வைத்த பெயரில் முதலாவது இஎன்பி3எஸ்0, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு. இரண்டாவது இஎன்பி4எஸ்0, பேக்கப் பெட்டிக்கு மட்டும். நேற்று பிசிஐஇ ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ டிஸ்கைச் சேர்த்தேன். டிஸ்க் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே போக முடியவில்லை. மானிட்டர் மாட்டிப் பார்த்தால் இஎன்பி3எஸ்0 என்று ஒன்றே இல்லை. இஎன்பி4எஸ்0 இருக்கிறது, ஆனால் பேக்கப் நெட்வொர்க்கின் ஐபியோடு ஆபீஸ் கேபிளில் உட்கார்ந்திருக்கிறது! புதிதாக இஎன்பி5எஸ்0 என்று ஒன்று, ஐபி இல்லாமல். கான்ஃபிக் ஃபைலில் யாரும் கை வைக்கவில்லை. மாறாது என்றுதானே இந்தப் பெயர்களைக் கொண்டுவந்தார்கள்?

வடகரை:
பூட் லைனில் நெட்.இஃப்நேம்ஸ்=0 போட்டு க்ரப் பூட்லோடரை அப்டேட் பண்ணுங்க ப்ரோ. பழையபடி ஈத்0, ஈத்1 வந்துவிடும். முடிந்தது வேலை.

பழைய சாவி:
தம்பி, அவருக்கு இரண்டு கார்டு. ஈத்0, ஈத்1 என்பது கெர்னல் கண்டுபிடித்த வரிசை, அவ்வளவுதான். இரண்டு கார்டுக்கும் வேறு வேறு டிரைவர் என்றால், எது முதலில் எழுகிறதோ அது ஈத்0. இன்று சரியாக வரும், ஒரு கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் புரண்டுவிடும். ஒற்றைக் கார்டு உள்ள பெட்டிக்கு மட்டும் அதைச் சொல்லுங்கள்.

குமிழ், நடந்தது இதுதான். அந்தப் பெயர் கார்டின் பெயர் அல்ல, கார்டு இருக்கும் இடத்தின் பெயர். 'பி'க்குப் பின்னால் வருவது பிசிஐ பஸ் எண், 'எஸ்'ஸுக்குப் பின்னால் அந்த பஸ்ஸுக்குள் ஸ்லாட். பஸ் எண்கள் போர்டில் பொறித்து வைத்தவை அல்ல. மெஷின் ஆன் ஆகும்போது போர்டின் ஃபர்ம்வேர் (பயாஸ்) ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும். உங்கள் டிஸ்க் வரிசையில் முன்னால் நுழைந்துவிட்டதால் பின்னால் இருந்தவை எல்லாம் ஒன்று தள்ளிப்போயின. 3 இப்போது 4, 4 இப்போது 5. எல்எஸ்பிசிஐ கட்டளை போட்டால் தெரியும். அது பதினாறடிமான எண்ணில் காட்டும், இன்டர்ஃபேஸ் பெயர் பத்தடிமானத்தில் வரும். அங்கே 0ஏ என்றால் இங்கே 10.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2013 ஜனவரியில் 197ஆம் பதிப்பில் இந்தப் பெயர் முறையைக் கொண்டுவந்தபோது சொன்னது, வன்பொருளைச் சேர்த்தாலும் கழற்றினாலும் பெயர் மாறாது, ஆனால் ஃபர்ம்வேர் இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் என்பதுதான். உங்கள் ஃபர்ம்வேர் இடம் கொடுக்கவில்லை. கெட்டதில் நல்லது, ஐபி இடம் மாறியது உடனே தெரிந்துவிட்டது. ஃபயர்வால் விதிகள் இன்டர்ஃபேஸ் பெயரை வைத்து எழுதியிருந்தால் அவையும் இப்போது தப்பான கார்டில்தான் இருக்கும், அதையும் பாருங்கள்.

தீர்வு, மேக் முகவரியை (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்) வைத்து நீங்களே பெயர் கொடுப்பது. இடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் ஃபோல்டர். அங்கே கார்டுக்கு ஒரு ஃபைல், 10-ஆபீஸ்.லிங்க் மாதிரி. மேட்ச் பகுதியில் பெர்மனன்ட்மேக்அட்ரஸ், லிங்க் பகுதியில் நேம். வெறும் மேக்அட்ரஸ் என்று போடாதீர்கள். பிரிட்ஜ், விலேன் மாதிரி மென்பொருளில் உருவாக்கும் இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் கார்டின் மேக்கையே எடுத்துக்கொள்ளும், அவற்றோடும் பொருந்தித் தொலைக்கும். பெயர் லேன்0, பேக்கப்0 என்று இருக்கட்டும், 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள், கெர்னலும் அதே பெயரைப் பிடிக்க ஓடிவரும். ஃபைல் பெயர் சிஸ்டத்தின் 99-டிஃபால்ட்.லிங்க் ஃபைலுக்கு முன்னால் வர வேண்டும், ஏனென்றால் பொருந்துகிற முதல் ஃபைல் மட்டும்தான் எடுபடும்.

அப்புறம் ஐபி எழுதியிருக்கும் இன்டர்ஃபேசஸ் ஃபைலிலும் பெயரை மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி, ரீபூட். இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டில் முதலில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) மறந்தால் பூட்டின் தொடக்கத்திலேயே பழைய முறையில் பெயர் வைத்துவிடும். மானிட்டரைக் கழற்றாமல் செய்யுங்கள்.

நெல்முனை:
குறுக்கே ஒரு சந்தேகம். எங்கள் ஆபீஸ் சர்வரில் இஎன்ஓ1 என்று வருகிறது. டிஸ்க், கார்டு எது போட்டாலும் மாறுவதில்லை. குமிழுக்கும் ஒரு போர்ட் போர்டிலேயேதானே இருக்கிறது?

பழைய சாவி:
'ஓ' என்பது ஆன்போர்டு. அந்த எண்ணை ஃபர்ம்வேர் சொல்ல வேண்டும். சர்வர் போர்டுகள் பெரும்பாலும் சொல்லும், மலிவான டெஸ்க்டாப் போர்டுகள் பல சொல்லாது. சொல்லாவிட்டால் அடுத்து ஃபர்ம்வேர் தரும் ஸ்லாட் எண்ணைத் தேடும், இஎன்எஸ்1 மாதிரி. அதுவும் இல்லை என்றால்தான் பஸ் எண்ணுக்கு வரும்.

குமிழ்:
அண்ணா, சரியாகிவிட்டது. லேன்0, பேக்கப்0 இரண்டும் அதனதன் ஐபியோடு வந்துவிட்டன. டிஸ்கைக் கழற்றி ஒருமுறை பூட் செய்தும் பார்த்தேன், பெயர் அசையவில்லை. ஃபயர்வாலில் நீங்கள் சொன்னபடியே இரண்டு விதிகள் பழைய பெயரில் இருந்தன, மாற்றிவிட்டேன். நாளைக்கு லேன் கார்டையே மாற்றினால்?

பழைய சாவி:
புது மேக்கை அந்த லிங்க் ஃபைலில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி அப்டேட் செய்தால் போதும். வேறு எங்கும் கை வைக்க வேண்டாம்.